டிரெபிளைக் கொஞ்சம் குறை, பீர்கண்ணு

சபை நூற்றாண்டு மலருக்கு
சுகிர்தபாயைப் பற்றி எழுதிக் கேட்டு
இரண்டு பேர் வந்தார்கள்.
மைக் செட்டைத் தவிர எனக்கென்ன தெரியும் என்றேன்.
அதை எழுதினால் போதும் என்றார்கள்.
எழுதுகிறேன். அச்சில் வராது.

களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால் அண்டி ஆபீஸ்.
நூறு பெண்கள் குத்தவைத்துத் தோடு உடைப்பார்கள்.
அண்டிப்பால் பட்டு விரல்நுனி வெந்து கறுத்திருக்கும்.
பதினாறு வயதில் அவள் அங்கே
மரக்கட்டை விழும் தட்டுக்குப் பாடினாள்.
மேஸ்திரி முதலில் திட்டினார்.
பிறகு தராசைப் பார்த்தார்.
அவள் பாடிய நாளில் மூன்று கிலோ பருப்பு கூடுதல்.
அதற்குப் பிறகு திட்டவில்லை.
கூலியும் கூட்டவில்லை.

முதல் கன்வென்ஷன் குழித்துறை ஆற்றங்கரையில்.
கோட்டயத்திலிருந்து பிரசங்கியார் வந்த கார்
பாறசாலையில் பஞ்சர்.
கூட்டம் கலையாமலிருக்க யாராவது பாடுங்கள் என்றார்கள்.
ஒரு மணி நேரம் பத்து நிமிடம்.
(பஞ்சர் ஒட்டியவனுக்கும் மலரில் ஒரு பக்கம் கொடுக்கலாம்.)
ஒரு முழம் தள்ளி நில்லு என்றேன்,
இரண்டு முழம் தள்ளி நின்றாள்.
அப்படியும் தென்னையில் கட்டிய கோளாம்பி அதிர்ந்து
ஓலையில் நின்ற மழைத்தண்ணி அத்தனையும்
முன்வரிசை மூப்பர்களின் தலையில்.

ஏழு கேசட். அட்டையில் இருப்பது
தங்கச்சியிடம் இரவல் வாங்கிய சேலை.
நாகர்கோவிலுக்குப் போனால்
உச்சரிப்பில் மலையாள ஈரம் என்றார்கள்.
நெய்யாற்றின்கரையில் பாண்டிக்காரி என்றார்கள்.
செக்போஸ்டில் வாழைக்குலை லாரியை நிறுத்துவதுபோல்
அவள் தொண்டையை நிறுத்திப் பெர்மிட் கேட்டார்கள்.
மரண வீட்டுக்கு மட்டும்
இரண்டு பக்கமும் ஒன்றும் கேட்காமல் கூப்பிட்டது.

புருசன் தங்கையனுக்கு ரப்பர் வெட்டு.
விடியக்காலம் மூன்று மணிக்கு
அவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கும்போது
என் வேனிலிருந்து அவள் இறங்குவாள்.
ஒரே கட்டில். இரண்டு ஷிப்ட்.
பிள்ளைகள் எப்படிப் பிறந்ததோ என்று
நான் ஒரு தடவை கேட்டுவிட்டேன்.
மழைக்காலத்தில் பால்வெட்டு கிடையாதே என்றாள்.

பிறகு அந்த சினிமா.
திருவனந்தபுரத்தில் ஒரு மத்தியானம்,
வார்த்தை இல்லாத இரண்டு வரி ஹம்மிங்.
படத்தில் அவள் பெயர் இல்லை.
சபையின் ஒழுங்கு நடவடிக்கைப் புத்தகத்தில் இருந்தது.
மூன்று மாதம் திருவிருந்து இல்லை, மேடை இல்லை.
பெண்கள் பக்கம் கடைசிப் பெஞ்சு.
மைக் புல்பிட்டில். அவளுக்கு நாற்பதடி தூரம்.
பாடகர் குழு ஏழு பேர் பாடிக்கொண்டிருக்க
ஆம்பிளிபயரில் முள் தன்பாட்டில் எழுந்து
சிவப்பைத் தொட்டது.
திரும்பிப் பார்த்தேன்.
தலையில் முக்காடு, வாய் பாதிதான் திறந்திருந்தது.
ஐயரும் பார்த்தார். நான் சவுண்டைக் குறைக்கவில்லை.
இது எழுத வேண்டிய விஷயம்.

குவைத்துக்கு இரண்டு தடவை போனாள்.
அடுத்த வீட்டுக்குக் கேட்கக்கூடாதென்று
ஜன்னலுக்குக் கம்பளி அடித்த பிளாட்டில்
மெதுவாக, மெதுவாக என்று சொல்லிச் சொல்லிப்
பாட வைத்தார்களாம்.
அங்கேதான் தொண்டை போச்சு என்பாள்.
கத்தினதாலே இல்ல, அடக்கினதாலே.

நெய்யூர் ஆஸ்பத்திரியில் எடுத்தது நெல்மணி அளவு.
பதினோரு மாதம் பேசவில்லை.
பேரனின் சிலேட்டில் எழுதிக் காட்டுவாள்,
மரச்சீனிக்கு உப்பு போதாது என்பதையும்
அழித்து அழித்து.

மீண்டும் மைக் முன்னால் நின்றது
தங்கையனின் அடக்கத்தில்.
டிரெபிளைக் கொஞ்சம் குறை, பீர்கண்ணு என்றாள்.
முப்பது வருஷத்தில்
அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம்.
மேல்சுருதி போயிருந்தது.
மூன்றாவது அடியில் அண்ணாந்து பார்த்தாள்,
அந்த இடத்தைப் பாடாமல் விட்டாள்.
ரப்பர் வெட்டுகாரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்,
பள்ளிப் பக்கமே வராதவர்கள்,
அந்த இடத்தைப் பாடினார்கள். சுருதி சேரவே இல்லை.
அவள் காத்திருந்து அடுத்த வரியை எடுத்தாள்.

நீங்களும் இரட்சிக்கப்பட்டீர்களா என்று
மலர்க்குழுத் தம்பி ஒருவன் கேட்டான்.
வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு மேல்
கடை பூட்டியிருக்கும், தெரியாதா என்றேன்.

அன்றைய மைக் வாடகை நானூற்றைம்பது
இன்னும் வரவில்லை. கேட்கவும் இல்லை.
பற்று நோட்டில் அப்படியே கிடக்கிறது.
இதற்கு முன்னால்
அவள் பெயரை நான் எழுதின ஒரே இடம்
அதுதான்.